மகளின் குறட்டையும் மகனின் தொண்டையும்

மகளுக்கு அப்போது நான்கு வயது. இரவில் அவள் விடும் குறட்டை அடுத்த அறைவரை கேட்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், "அடேயப்பா, இத்தனூண்டு உடம்புக்குள்ளிருந்தா இந்தச் சத்தம்!" என்று சிரிப்பார்கள். நாங்களும் கூடவே சிரித்திருக்கிறோம். பகலெல்லாம் ஓடியாடிய களைப்பு, பிள்ளை அசந்து தூங்குகிறாள் என்றுதான் நினைத்தோம். மூச்சு கிடைக்காமல் அவள் பட்ட பாடுதான் அந்தச் சத்தம் என்று விளங்க ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தை நினைத்தால் இன்றும் மனசு கனத்துப்போகிறது.

மகன் அவளைவிட மூன்று வயது மூத்தவன். அவனுக்குக் குறட்டை கிடையாது. அவனுடைய தொல்லை தொண்டை வலி. காய்ச்சல், விழுங்க முடியாமல் அழுகை, ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், பள்ளிக்கு விடுப்பு, மறுபடி தொண்டை வலி. முதலில் பார்த்த மருத்துவர் இரண்டு பேர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆளுக்கு அரை நிமிடம். "ரெண்டு பேருக்குமே டான்சில் பெருசா இருக்கு. சேர்த்தே எடுத்துடலாம்" என்றார். பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் மகளுக்கு ஆபரேஷன் செய்தோம், மகனுக்குச் செய்யவில்லை. ஒரே வீடு, ஒரே மாதிரி வீங்கிய டான்சில், ஆனால் இரண்டு முடிவுகள். "ஒருத்திக்குச் செய்தது இன்னொருவனுக்கு ஏன் வேண்டாம்?" என்று உறவினர்கள் இன்னும் கேட்கிறார்கள். அதற்கான பதிலைத்தான் இங்கே முழுதாக எழுதி வைக்கப் பார்க்கிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்துக்காக நிறையப் படித்தேன், நிறையக் கேட்டேன், பல இரவுகள் விழித்தும் இருந்தேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வாயைத் திறந்து "ஆ" என்றால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. பலர் டான்சிலையே உள்நாக்கு என்று சொல்கிறார்கள். டான்சில் அதற்கு இரண்டு பக்கமும், தொண்டைச் சுவரில் பொதிந்து இருப்பது. அடினாய்டு வாயைத் திறந்தால் தெரியாது. மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே மறைந்திருக்கும். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயிலோ, மூக்கு வழியாக விடும் மெல்லிய கேமராவிலோதான் பார்க்க முடியும். "மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்திருக்கு" என்று சிறு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். டான்சிலைப் பற்றி இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். ரோமாபுரியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் அதை விரலால் நெம்பி எடுப்பதை விவரித்திருக்கிறார். அடினாய்டின் கதை அவ்வளவு பழையதல்ல. அது பெருத்தால் மூக்கு அடைக்கும், காது மந்தமாகும், பேச்சு மாறும் என்பதை 1868ல் கோபன்ஹேகனைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேயர்தான் தெளிவாக எழுதி வைத்தார்.

டான்சில், அடினாய்டு, நாக்கின் அடியில் இருக்கும் இன்னொரு திட்டு எல்லாம் சேர்ந்து தொண்டையின் வாசலில் ஒரு வளையம்போல அமைந்திருக்கின்றன. அதை விவரித்த ஜெர்மன் உடற்கூறியலாளரின் பெயரால் வால்டேயர் வளையம் என்கிறார்கள். உள்ளே வரும் கிருமிகளை உடம்புக்கு அடையாளம் காட்டுவது இந்தத் திசுக்களின் வேலை. குழந்தை புதிய புதிய கிருமிகளைச் சந்திக்கும் வயதில் இவை பெருப்பது இயல்பு. இரண்டு வயதிலிருந்து ஏழெட்டு வயதுவரை, அந்தச் சின்னத் தொண்டையின் அளவோடு ஒப்பிட்டால், இவை ரொம்பவே இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு தொண்டை வளரும், சதை சுருங்கும். பருவ வயதில் அடினாய்டு பெரும்பாலும் இருந்த இடம் தெரியாது. அதனால் டான்சில் பெரிதாக இருக்கிறது என்பது மட்டும் நோய் ஆகாது. பெரிய டான்சிலோடு நிம்மதியாகத் தூங்கும் பிள்ளைகள் ஏராளம். நடுத்தர அளவு டான்சிலோடு திணறுகிற பிள்ளைகளும் உண்டு.

இரண்டாவதாக நாங்கள் போன ஈ.என்.டி. மருத்துவர் டார்ச்சைக் கையில் எடுக்கும் முன்பே கேட்ட கேள்வி: "ராத்திரி எப்படித் தூங்குறா?"

குறட்டை விடுவாள் என்றேன். அது போதாது என்றார். "சட்டையைக் கழட்டிட்டு, நல்லா தூங்கின அப்புறம், நெஞ்சும் வயிறும் தெரியிற மாதிரி ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வாங்க."

அன்று இரவு எடுத்தேன். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், என் மகள் தூங்குவதை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை வில்லாக வளைத்துப் படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு மேலே எழும்ப, நெஞ்சுக்குழி உள்ளே வாங்கியது. குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் காற்றின் சத்தமே இல்லை. எண்ணினேன். ஒன்பது. பிறகு ஒரு விசும்பல் மாதிரி மூச்சை இழுத்து, புரண்டு படுத்து, மறுபடி ஆரம்பித்தாள். நான் எடுத்த இரண்டு நிமிடத்தில் மூன்று தடவை அப்படி நின்றது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். விழித்திருக்கையில் அந்தத் தசைகளின் இறுக்கம்தான் வழியைத் திறந்து வைத்திருக்கிறது. தளர்ந்ததும் இரண்டு டான்சில்களும் அடினாய்டும் சேர்ந்து வழியை மறிக்கின்றன. ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை ஒரு நொடி விழித்துத் தசையை முறுக்குகிறது, வழி திறக்கிறது. பிள்ளை கண்ணைத் திறப்பதில்லை, காலையில் எதுவும் நினைவிருப்பதும் இல்லை. ஆனால் அந்த இரவில் முழுத் தூக்கம் என்று ஒன்று கிடையாது.

பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் பகலில் கண் சொக்கும். பிள்ளைகளில் பலர் நேர் எதிராக நடந்துகொள்வார்கள். துறுதுறுப்பு, பிடிவாதம், ஒரு இடத்தில் உட்காராமை. மகள் சாயங்காலமானால் சின்ன விஷயத்துக்கும் தரையில் புரண்டு அழுவாள். பல மாதங்களாக நின்றிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் மறுபடி வந்தது. ஒரு வாய்ச் சோற்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். மூக்கு அடைத்திருந்தால் மெல்லவும் வேண்டும், வாயாலேயே மூச்சும் விட வேண்டும், அவள் என்ன செய்வாள்? எடையும் ஏறவில்லை. இவை ஒவ்வொன்றையும் தனித்தனிக் குறையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அவளைக் கண்டித்திருக்கிறேன். அதுதான் மனசு கனக்கிறது என்று சொன்னேனே, அது.

வீடியோவைப் பார்த்த மருத்துவர் தூக்க ஆய்வுக்கு எழுதிக் கொடுத்தார். ஓர் இரவு முழுக்கத் தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் கருவிகளை ஒட்டித் தூங்க வைத்து, மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்துக்கு மேல் போனால் கோளாறு என்பார்கள். குழந்தைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே இயல்பல்ல, பத்தைத் தாண்டினால் தீவிரம். மகளுக்கு 12 வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஆய்வு தேவைப்படுவதில்லை. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், அறிகுறிக்கும் டான்சில் அளவுக்கும் பொருந்தாதவர்கள் ஆகியோருக்கு முக்கியமாகச் செய்யச் சொல்கிறார்கள்.

லேசான தடையாக இருந்தால் சில மாதங்கள் காத்துப் பார்ப்பதும், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்துப் பார்ப்பதும் நியாயமான வழிகள். 12 என்ற எண்ணோடு காத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை, மருத்துவரும் வேண்டாம் என்றார்.

மகன் விஷயம் வேறு. அவனைப் பற்றிப் பேச்சு வந்ததும் அதே மருத்துவர் கேட்டார்: "போன வருஷம் எத்தனை தடவை தொண்டை வலி வந்துச்சு?" மாதம் தவறாமல் என்றேன். "எழுதி வச்சிருக்கீங்களா?" இல்லை. "சரி, இனிமே எழுதுங்க. அப்புறம் பேசலாம்."

எழுதச் சொன்னதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் என்ற மருத்துவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. அடிக்கடி தொண்டை வலி என்று பெற்றோர் சொன்ன, ஆனால் பதிவு எதுவும் இல்லாத 65 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சொன்ன கணக்கை மெய்ப்பிக்கும் அளவுக்கு வலி வந்தது 11 பேருக்குத்தான். 1978ல் வெளியான ஆய்வு இது. பெற்றோர் பொய் சொல்லவில்லை. காய்ச்சலில் துவளும் பிள்ளையோடு கழித்த ஒரு வாரம் நம் நினைவில் ஒரு மாதமாக நீண்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

1984ல் அதே குழு வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்ததுதான் இன்றும் மருத்துவர்கள் கையாளும் அளவுகோல்: ஒரு வருஷத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் வருஷத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருஷம் வருஷத்துக்கு 3 தடவை. அதுவும் வெறும் தொண்டைக் கரகரப்பு கணக்கில் வராது. காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது, டான்சில் மேல் வெள்ளைப் படிவு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா பரிசோதனையில் உறுதியாவது இவற்றில் ஒன்றாவது கூட இருக்க வேண்டும். அந்த அளவுக்கு மோசமாக இருந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்ததில் முதல் இரண்டு வருஷம் தொண்டை வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் ஆபரேஷன் செய்யாமல் விட்ட பிள்ளைகளில் பலருக்கும் அது தானாகக் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் குழு பிற்பாடு, 2002ல், இதைவிட லேசான பாதிப்பு உள்ளவர்களையும் பார்த்தது. கிடைக்கிற சிறிய பலனுக்கு ஆபரேஷனின் வலியும் ஆபத்தும் தகாது என்பது அவர்கள் முடிவு.

மகனுக்கு ஒரு நோட்டுப் போட்டோம். தேதி, காய்ச்சல் எவ்வளவு, மூக்கு ஒழுகியதா, இருமல் இருந்ததா, எத்தனை நாள் பள்ளி போகவில்லை. ஒரு வருஷம் முடிந்து எண்ணிப் பார்த்தால் பதினொரு பதிவுகள். அவற்றில் ஏழு வெறும் சளி: மூக்கு ஒழுகல், இருமல், லேசான தொண்டை எரிச்சல், மூன்று நாளில் சரி. அளவுகோலுக்குப் பொருந்தியவை நான்குதான். அடுத்த வருஷம் இரண்டு. அந்த நோட்டு இல்லாவிட்டால் நிச்சயமாக அவனையும் ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்திருப்பேன், அதுவும் அவன் நல்லதுக்கென்று நம்பி.

மேலோட்டமாகப் பார்த்து இந்த ஆபரேஷனைப் பரிந்துரைப்பது எவ்வளவு பழைய பழக்கம் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1934ல் நியூயார்க் பள்ளிகளில் 11 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை அமெரிக்கக் குழந்தை நலச் சங்கம் ஆராய்ந்தது. அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்களிலும் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை தப்பிய 116 பேரை மூன்றாவதாக அனுப்பினால், 51 பேருக்கு வேண்டும் என்று பதில் வந்தது. ஆயிரத்தில் கடைசியாகத் தப்பியது 65 பேர். ஒவ்வொரு சுற்றிலும், முன்னால் யார் வந்திருந்தாலும் சரி, பாதிக்குச் சற்றுக் குறைவான பேருக்கு ஆபரேஷன். பிள்ளையின் தொண்டையைவிட மருத்துவரின் வழக்கமே அங்கே தீர்மானித்திருக்கிறது.

லண்டனை ஒட்டிய ஹார்ன்சியில் 1928ல் பள்ளிப் பிள்ளைகள் 186 பேருக்கு டான்சில் எடுத்தார்கள். அடுத்த வருஷம் புதிய பள்ளி மருத்துவ அதிகாரி வந்தார். எண்ணிக்கை 12 ஆகிவிட்டது. அலிசன் குளோவர் என்ற மருத்துவர் 1938ல் இதைப் பதிவு செய்தார். 1973ல் ஜான் வென்பெர்க், ஆலன் கிட்டல்சோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பார்த்தபோது, பகுதிக்குப் பகுதி பத்தாயிரம் பேருக்கு 13 முதல் 151 வரை இந்த ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித் தொண்டை உள்ள பிள்ளைகள்தான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் தொண்டை வலிக்காகச் செய்தார்கள். இப்போது இரவு மூச்சுத் தடைக்காகச் செய்வது அதிகமாகியிருக்கிறது. ஒரே ஆபரேஷன்தான், ஆனால் அதன் முன்னால் நிற்கும் கேள்விகள் இரண்டு. தொண்டை வலிக்கு எண்ணிக்கை வேண்டும். மூச்சுத் தடைக்கு இரவைப் பார்க்க வேண்டும். வாய்க்குள் டார்ச் அடித்தால் இரண்டுக்குமே பதில் கிடைக்காது.

ஆபரேஷன் நாள். திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தெளிந்த நீர் எதுவரை கொடுக்கலாம் என்பதை மயக்க மருந்து மருத்துவர் சொல்வார். தளர்ந்த பால் பல் இருந்தால், சமீபத்தில் சளி பிடித்திருந்தால், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு இருந்தால், எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். வெளியே கத்தி படாது. டான்சில், அடினாய்டு இரண்டையும் வாய் வழியாகவே எடுத்தார்கள், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. டான்சிலை முழுதாக எடுப்பது ஒரு முறை. அதன் உறையை ஒட்டி மெல்லிய படலத்தை விட்டுவிட்டு மிச்சத்தைச் சீவி எடுப்பது இன்னொரு முறை. இரண்டாவதில் வலியும் ரத்தக் கசிவும் குறைவு, ஆனால் மறுபடி வளரச் சிறிய வாய்ப்பு உண்டு. எங்கள் மருத்துவருக்குக் கை பழகியது முதல் முறை. அதையே செய்யச் சொன்னோம்.

மயக்கம் தெளிந்தபோது மகள் அலறிய அலறலுக்கு யாரும் எங்களைத் தயார்படுத்தியிருக்கவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களை அடையாளம் தெரியவில்லை. கையை உதறி, காலை உதைத்து, என் மனைவியின் கையைக் கடிக்கப் போனாள். இருபது நிமிடம். இது வலியால் மட்டும் வருவதில்லை, சிறு பிள்ளைகளுக்கு மயக்கத்திலிருந்து வெளியே வரும்போது மூளை குழம்புவதால் வருவது, தானே அடங்கிவிடும் என்று பிறகுதான் நர்ஸ் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் நாங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தடை தீவிரமாக இருந்ததால் அன்று இரவு மருத்துவமனையிலேயே தங்க வைத்தார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்த உடனே வீக்கமும் மயக்க மருந்தின் மிச்சமும் இருக்கும், அந்த முதல் இரவில் மூச்சைக் கவனிக்க ஆள் வேண்டும்.

மறுநாள் வீடு. அன்று அவள் நன்றாகவே இருந்தாள். "அவ்வளவுதானா, முடிந்ததா!" என்று நினைத்தோம். உண்மையான கஷ்டம் மூன்றாம் நாள்தான் ஆரம்பித்தது. மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்வரை வலி ஏறும், இறங்காது. காது வலிக்கிறது என்று அழுதாள். காதில் ஒன்றும் இல்லை. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு உணர்வைக் கொண்டுபோவதால் தொண்டை வலி காதில் தெரிகிறது. டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகப் படலம் கட்டியிருந்தது. பார்த்ததும் சீழ் என்று பதறினேன். புண் ஆறும்போது மூடும் படலம் அது, வாய்க்குள் சிரங்கு கறுப்பாக இராது, வெள்ளையாகத்தான் இருக்கும். வாய் நாற்றமும் அதனால்தான். அதற்கென்று ஆன்டிபயாட்டிக் தேவையில்லை.

வலி மருந்தை அழுத பிறகு கொடுத்தால் எட்டிப் பிடிக்க முடியாது. முதல் சில நாட்களுக்கு மருத்துவர் சொன்ன இடைவெளியில், எடைக்கு ஏற்ற அளவில், இரவில் எழுப்பியாவது கொடுத்தோம். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும்தான் வழக்கமானவை. கோடீன் கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். அது உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறுகிறது. சில பிள்ளைகளின் மரபணு அமைப்பில் அந்த மாற்றம் மிக வேகமாக நடந்து மூச்சே நின்றிருக்கிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கோடீன் கொடுத்த பிள்ளைகள் இறந்துபோனதால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017ல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றது. யார் எழுதிக் கொடுத்தாலும் ஒருமுறை பாட்டிலின் பெயரைப் படித்துப் பாருங்கள்.

சாப்பாட்டைவிடக் குடிப்பது முக்கியம். குடிக்காவிட்டால் தொண்டை காயும், காய்ந்தால் வலிக்கும், வலித்தால் குடிக்க மாட்டாள். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து ஒரு வாய், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு வாய். சிறுநீர் கழிக்கிறாளா என்று கணக்குப் பார்த்தோம்.

ஏழாம் நாள் இரவு மகள் எழுந்து உட்கார்ந்து, "அப்பா, வாயில உப்பா இருக்கு" என்றாள். விளக்கைப் போட்டால் தலையணையில் சிவப்பு. மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார்: ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் படலம் உரியும்போது ரத்தம் வரலாம். ஒரு ஸ்பூன் அளவாக இருந்தாலும் நின்றுவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், சின்னக் கசிவு பெரிய கசிவுக்கு முன்னோடியாக இருக்கலாம். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் அதையும் கவனியுங்கள், ரத்தம் வெளியே வராமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். உடனே கிளம்பினோம். அவளை உட்கார்ந்த நிலையில், தலையை முன்னால் சாய்த்தே பிடித்துக்கொண்டு போனேன். நல்லவேளை, கசிவு தானாக நின்றது. ஒரு நாள் கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். பிரிட்டனில் 2003, 2004ல் சுமார் 34 ஆயிரம் டான்சில் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தபோது பெரியவர்களும் பிள்ளைகளுமாக 3.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கசிவு இருந்தது. பிள்ளைகளுக்கு இது பெரியவர்களைவிடக் குறைவு. அந்த ஏழாம் நாள் இரவில் எனக்கு எந்தச் சதவீதமும் நினைவில் இல்லை. மருத்துவமனையின் அவசர எண் போனில் இருந்தது, வண்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியும், அது போதுமாக இருந்தது. ஆபரேஷன் முடிந்த இரண்டு வாரம் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

பத்து நாள் கழிந்தது. பலன் என்ன?

முதல் பலன் அமைதி. வீக்கம் வடிந்த இரண்டாவது வாரத்தில் குறட்டை நின்றது. அடுத்த ஒரு மாதத்துக்குள் படுக்கை நனைவது நின்றது. சாயங்கால அழுகை குறைந்தது, முழுதாகப் போகவில்லை. சாப்பிடும் வேகம் கூடியது, ஆறு மாதத்தில் எடை ஏறியது. (ஏற்கெனவே எடை கூடியிருக்கும் பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் கவனமாக இருக்க வேண்டும்.) குரல் மூன்று வாரத்துக்கு மூக்கால் பேசுவதுபோல ஒலித்தது. அடினாய்டு இருந்த இடம் காலியானதும் அண்ணம் அந்த இடைவெளியை மூடப் பழக வேண்டும். பெரும்பாலும் பழகிவிடும். மாதங்களாகியும் சரியாகவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். அடினாய்டை எடுக்கும் முன் உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதா, அண்ணத்தில் மறைந்த பிளவு உண்டா என்று மருத்துவர் பார்ப்பதும் இதற்காகத்தான். அப்படி இருந்தால் குரல் நிரந்தரமாகக் கெட வாய்ப்பு அதிகம்.

படிப்பில் கவனம் கூடுமா? இதைத்தான் எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். 2013ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஐந்து முதல் ஒன்பது வயதுவரை உள்ள 464 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள், மறு பாதியைக் காத்திருக்க வைத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்க ஆய்வு இயல்பாகிவிட்டது. காத்திருந்தவர்களில் 46 சதவீதம். நடத்தை, தூக்கம், அன்றாட வாழ்க்கை எல்லாம் ஆபரேஷன் குழுவில் நன்றாக மேம்பட்டன. ஆனால் கவனத்தை அளக்கும் சோதனையில் இரண்டு குழுவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. லேசான மூச்சுத் தடை உள்ள 459 பிள்ளைகளை வைத்து 2023ல் வெளியான ஆய்விலும் ஒரு வருஷம் கழித்து இதே கதைதான்: கவனச் சோதனையில் மாற்றமில்லை, தூக்கமும் நடத்தையும் நன்றாயின, ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் படித்த பிறகு, மதிப்பெண்ணுக்காக இதைச் செய்யாதீர்கள் என்று தெரிந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு குழந்தை இரவு முழுக்க மூச்சுவிட்டுத் தூங்குவதே போதுமான காரணம். அதோடு, காத்திருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தானாகச் சரியானது என்பதையும் மறக்கக் கூடாது. லேசாக இருந்தால் பொறுத்துப் பார்க்க இடமிருக்கிறது. ஆபரேஷன் செய்தும் ஐந்தில் ஒருவருக்குத் தடை மிஞ்சியது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. உடல் பருமன், டவுன் சிண்ட்ரோம், தாடை அமைப்பில் மாறுபாடு உள்ள பிள்ளைகளுக்கு மிஞ்சும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

என் அம்மா கேட்டது வேறு: "சாமி குடுத்த உறுப்பை எடுத்துட்டா, உடம்புல எதிர்ப்புச் சக்தி போயிடாதாப்பா?" வளையத்தின் மிச்சப் பகுதிகளும் உடம்பு முழுக்க உள்ள நிணநீர்க் கணுக்களும் அந்த வேலையைத் தொடர்கின்றன, எதிர்ப்புச் சக்தி அற்றுப்போனதாகக் கண்டதில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அம்மாவின் கேள்வி அர்த்தமில்லாதது இல்லை. 2018ல் டென்மார்க்கில் 1979 முதல் 1999 வரை பிறந்த சுமார் 12 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்ததில், ஒன்பது வயதுக்குள் இந்தத் திசுக்களை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுவாசப் பாதை நோய்கள் கூடுதலாக இருந்தன. இது ஆபரேஷனால் வந்ததா, ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்கு ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டிருந்த பிள்ளைகள் என்பதால் வந்ததா என்று அந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அம்மாவிடம் இதை அப்படியே சொன்னேன். "அப்ப பையனுக்கு அவசரப்படாம இருந்தது நல்லதுதான்" என்றார். சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

மகனுக்கு இப்போது பதினோரு வயது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டு மாதமாகப் புதிதாக எதுவும் எழுதவில்லை.

மகள் விஷயத்தில் ஒன்று பாக்கி இருக்கிறது. போன வாரம் அவளுக்குச் சளி பிடித்தபோது இரண்டு இரவு குறட்டை கேட்டது. டான்சிலைப்போல அடினாய்டுக்குத் தனி உறை கிடையாது, அதை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட முடியாது, சிறு வயதில் எடுத்தால் சில பிள்ளைகளுக்கு மறுபடி வளரும். சளி விட்டதும் குறட்டையும் நின்றுவிட்டது. ஆனாலும் அடுத்த வாரம் காட்டுவதற்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நேற்று இரவு அவள் நன்றாகத் தூங்கிய பிறகு சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சும் வயிறும் தெரியும்படி இரண்டு நிமிடம் வீடியோ எடுத்தேன். வாய் மூடியிருந்தது. நெஞ்சும் வயிறும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. இரண்டு நிமிடம் முடிந்தும் நிறுத்தத் தோன்றவில்லை. பதிவில் ஏழு நிமிடம் இருக்கிறது.